துண்டு போட்ட இடம்

நிலாவில் பேருந்து ஓட்டியவன் நான். இதைச் சொன்னால் பூமியில் இருப்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். ஒன்றும் தெரியாது. நான் ஓட்டிய பகுதியில் கோடிக்கணக்கான வருஷமாக இருட்டு.

அந்தப் பிரதேசத்துக்குப் பெருநிழல் என்று பெயர். நிலாவின் தென்முனையில் இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மூன்று மாவட்டங்களையும் பெயர்த்துக் கொண்டுபோய் அதற்குள் வைத்தால், ஓரத்தில் கன்னியாகுமரிக்கும் இடம் மிச்சமிருக்கும். அதன் பள்ளங்களுக்குள் சூரியன் எட்டிப் பார்த்ததே இல்லை. அதனால்தான் அடியில் பனிக்கட்டி உருகாமல் கிடந்தது. பனிக்கட்டி என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் மூச்சுக்காற்று, ராக்கெட்டுக்கு எரிபொருள், காலையில் காபி.

பனிக்கட்டியைச் சுரண்டிக் குவிப்பதும் உப்பைச் சுரண்டிக் குவிப்பதும் ஒரே வேலைதான் என்று கீழே ஓர் அதிகாரி கண்டுபிடித்தார். உடனே தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். நம் நாட்டுக் கம்பெனி எடுத்தது. அதே தெருவில், எதிர்ச்சாரியில், இன்னொரு நாட்டுக் கம்பெனியும் மேசை போட்டு ஆள் எடுத்தது. அந்த நாட்டின் பெயரைச் சொன்னால் அவர்கள் மறுப்பு அறிக்கை விடுவார்கள். ஆகவே அந்நாடு என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டுக் கம்பெனிக்கு ஆளாகப் போனவர்களுக்கு நீல அட்டை. அந்நாட்டுக்குப் போனவர்களுக்குப் பச்சை அட்டை. மேசைக்கு முன்னால் எந்த வரிசை சின்னதாக இருந்ததோ, அதில் நின்றவர்கள்தான் எல்லோரும். என்னுடையது நீலம். பச்சை வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் குடையோடு நின்றார். அது என் கண்ணில் குத்திவிடும் போல இருந்தது. என் தேசபக்தியின் முழுக் கதையும் இதுதான்.

பேருந்துக்கு வருகிறேன். பெருநிழலில் பதினோரு குடியிருப்புகள். ஒவ்வொன்றின் வாசலிலும் வண்டியை ஒட்டி நிறுத்தி, ஒரு குழாயைப் பொருத்தி, காற்று நிரம்பியதும் கதவைத் திறப்பேன். திறந்ததும் உள்ளே துண்டுகள் வரும். ஆளுக்கு முன்னால் துண்டு. ஊரில் ஜன்னல் வழியாகப் போட்டார்கள்; இங்கே ஜன்னலைத் திறந்தால் எல்லோரும் செத்துப்போவோம் என்பதால் குழாய் வழியாகப் போட்டார்கள். மற்றபடி நாகரிகத்தில் எந்தக் குறையும் இல்லை.

ஒரே சிக்கல், நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு. வீசிய துண்டு விழாது. யோசித்து யோசித்து இறங்கும். அது இறங்குவதற்குள் இன்னொருவன் நடந்துபோய் உட்கார்ந்துவிடலாம். இதனால் பல வருஷம் சண்டை நடந்தது. கடைசியில் ஒரு முறை ஏற்பட்டது. துண்டு இருக்கையைத் தொட்டால்தான் இடம் பிடித்ததாகக் கணக்கு. தொட்ட பிறகு, வண்டி கிளம்புகிற வரைக்கும் அந்தத் துண்டை யாரும் தொடக்கூடாது. வண்டி கிளம்பியும் ஆள் வரவில்லையென்றால் துண்டை மடித்து வைத்துவிட்டு யாரும் உட்காரலாம். அப்புறம் வந்து கேட்பது முறையில்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

என் வண்டியின் நடத்துநரும் மெக்கானிக்கும் தாணு. குலசேகரத்துக்காரன். நீல அட்டை. அவன் மனைவி நாச்சியார், பனி உருக்கு நிலையத்தின் பொறுப்பாளர். பச்சை அட்டை, அவள் அப்பா நின்ற வரிசை அது. நாச்சியார் பிறந்ததே பெருநிழலில்தான். அங்கே பிறந்தவர்களின் எலும்பு, நிலாவின் எடைக்குத் தகுந்தாற்போல் வளர்ந்தது. அப்பளம் மாதிரி. கீழே பூமிக்குப் போனால் ஆறு மடங்கு எடை வந்து உட்காரும். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நாற்பது வருஷம் இதெல்லாம் யாருக்கும் ஒரு விஷயமாக இல்லை. பிறகு பனிக்கட்டியின் விலை ஏறியது. கீழே இரண்டு நாடுகளுக்கும் ஒரே வாரத்தில் பெருநிழலின் மேல் பாசம் பொங்கியது. எங்கள் மண் என்றது நம் நாடு. எங்கள் ரத்தம் என்றது அந்நாடு. உலக நடுவர் மன்றத்தில் வழக்கு. வழக்கு முடியும்வரை யாரும் அட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று தடை. முடிந்ததும், தோற்ற நாட்டின் அட்டைக்காரர்கள் எல்லோரும் ஆறு மாதத்துக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். இரண்டு நாடுகளும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

ஆக, எந்த நாடு ஜெயித்தாலும் தாணு வீட்டில் ஒருவர் கிளம்ப வேண்டும்.

"ஏட்டி, நீ கீழ போயிட்டா நான் நிம்மதியா ஒரு வாய் சோறு திம்பேன்" என்பான் தாணு.

"போறேன். போய்த் தொட்டியில கிடக்கேன், மீன் மாதிரி. ஞாயித்துக்கிழமை வந்து பொரி போட்டுட்டுப் போங்க."

தாணு அதற்கு மேல் சாப்பிட மாட்டான். அவர்கள் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு; நான் அவன் தட்டையும் சேர்த்து முடித்துவிட்டு வருவேன்.

நடுவர் மன்றத்தின் சட்டம் எளிமையானது. ஆளில்லா எந்திரம் இறங்கியது செல்லாது. ஒரு மனிதர் நேரில் வந்து, இந்த இடம் எங்களுக்கு என்ற எண்ணத்தோடு ஓர் அடையாளம் வைத்திருக்க வேண்டும். யார் அடையாளம் முந்தியதோ, இடம் அவர்களுடையது. இரண்டு நாடுகளும் கொடி நட்டிருந்தன. இரண்டும் நாங்கள்தான் முந்தி என்றன. இரண்டிடமும் புகைப்படம் இருந்தது. இரண்டு புகைப்படத்திலும் இருட்டுதான் தெரிந்தது.

அதற்காகத்தான் மன்றம் அனுப்பிய விஞ்ஞானி டாக்டர் பெனாசிர் வந்தார். மேலப்பாளையத்துக்காரர். அவரோடு தூசிமானி என்ற கருவியும் வந்தது. பார்க்க இட்லிக் கொப்பரை மாதிரி இருந்தது. கொடி நட்ட இடங்களுக்கு அவரையும் இரண்டு வக்கீல்களையும் ஏற்றிக்கொண்டு நான்தான் வண்டி ஓட்டினேன். நம் நாட்டு வக்கீல் பட்டாபிராமன், சென்னைக்காரர், பேசாத நேரத்திலும் வாய் அசைந்துகொண்டிருக்கும். அந்நாட்டு வக்கீல் அடைக்கலசாமி. அவர் தாத்தா காலத்தில் கப்பல் ஏறிப் போன குடும்பம். தமிழ் அப்படியே இருந்தது. முழங்கால்தான் போய்விட்டது என்று தடவிக்கொண்டே ஏறினார்.

"அது எப்படிம்மா தூசியைப் பாத்து வருஷம் சொல்லுவிய?" என்று பெனாசிரைக் கேட்டேன்.

"மழை பெய்யும்போது குடையை விரிச்சுத் தரையில வைக்கிய, அண்ணாச்சி. குடைக்கு அடியில நனையுமா?"

"நனையாது."

"வானத்துல இருந்து ஒரு கதிர் எப்பவும் மழை மாதிரி பெஞ்சுக்கிட்டே இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. மேல உள்ள தூசி நனைஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு சாமானை வச்சா அதுக்கு அடியில நனையாது. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்தா, எப்ப வச்சாங்கன்னு சொல்லிரலாம். இங்க காத்து கிடையாது, தண்ணி ஓடாது. வச்சது வச்சபடி கிடக்கும்."

"அப்ப ஊர்ல என் தம்பி வேலியைத் தள்ளிப் போட்டதையும் இதை வச்சுக் கண்டுபிடிக்கலாமா?"

"ஊர்ல மழை நிசமாவே பெய்யுமே" என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டு கொடிகளையும் அளந்தார். இரண்டும் ஒரே நாளில் நட்டவை. மணி நேரம் சொல்லும் அளவுக்குத் தூசிமானிக்குத் துல்லியம் கிடையாது. பட்டாபிராமனும் அடைக்கலசாமியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே ஒரே டப்பாவிலிருந்து முறுக்கு சாப்பிட்டார்கள்.

திரும்பும் வழியில் வண்டியின் சங்கிலிப் பட்டையில் கல் சிக்கியது. தாணு விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினான். பனிப்பாறையின் அடிவாரம் அது. யாரும் போகிற இடமில்லை. அவன் விளக்கு அங்கும் இங்கும் அலைந்தது; ஓரிடத்தில் நின்றது. பிறகு ரேடியோவில் அவன் சிரிப்பு.

"அண்ணாச்சி, இங்க எவனோ துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்கான்."

நான் சிரித்தேன். பெனாசிர் சிரித்தார். பட்டாபிராமன் சிரிக்கவில்லை. ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு கேட்டார், "தம்பி, என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்கோ, பதிவாகட்டும்."

தாணு அந்த சந்தோஷத்திலேயே இன்னொரு தடவை சொன்னான்.

எல்லோரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். பாறையில் பெஞ்சு மாதிரி ஒரு திண்டு. அதன்மேல் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்துக் கிடந்தது. நான்கு மூலைகளிலும் கல். ஒரு மூலையில் சலவைக்காரர் போடும் கறுப்பு மைக் குறி, 'மா'. கொடிகளுக்கு முன்பே ஒரு தனியார் கம்பெனி மூன்று பேரை இடம் பார்த்துவர அனுப்பியிருந்தது. அதில் ஒருவர் பெயர் மாடக்கண்ணு. விண்வெளி உடைக்கு மேலே தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிலாவில் இறங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

தூசிமானி சொன்னது, கொடிகளைவிடத் துண்டு ஆறு வருஷம் மூத்தது. மாடக்கண்ணு சாத்தான்குளத்துக்காரர். நம் நாட்டுக் குடிமகன். பட்டாபிராமன் அங்கேயே குதித்தார். நிலாவில் அப்படிக் குதிக்கக் கூடாது. அவர் இறங்கி வர நாங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.

அப்போதுதான் தாணுவுக்கு உறைத்தது. துண்டு ஜெயித்தால் நம் நாடு ஜெயிக்கும். நம் நாடு ஜெயித்தால் பச்சை அட்டை இறங்க வேண்டும். அது வெறும் துணி என்று பட்டாபிராமன் நினைத்துக்கொண்டு போயிருப்பார்; இடம் பிடித்த துணி என்று எடுத்துக் கொடுத்தவன் தாணுதான்.

வீட்டில் போய் அவனே சொன்னான். நாச்சியார் திட்டவில்லை. மீன், பொரி என்று எதுவும் பேசவில்லை. அவன் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். தாணு பயந்துபோய் என் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, அவ சண்டை போட மாட்டேங்கா."

"நல்லதுதானடே."

"என்ன நல்லது? கிளம்புததுக்கு மனசைத் தேத்திக்கிட்டா. எனக்குத் தெரியும்."

குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

விசாரணை எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பெருநிழலில் பெரிய கூடம் அது ஒன்றுதான். நீதிபதி அச்சியெங் அம்மையார் கென்யாக்காரர். அவர் பேசுவதை ஒரு பெட்டி தமிழாக்கிச் சொல்லும். அந்தப் பெட்டிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் பெரிய புலவராக இருந்திருக்க வேண்டும். அம்மையார் தும்மினால்கூட அது மன்னிப்பை அழகாகக் கேட்டது.

பட்டாபிராமன் தாணுவைக் கூண்டில் ஏற்றினார். கூண்டு என்றால் சோற்று அண்டா வைக்கிற மேடை.

"துண்டைப் பார்த்ததும் நீங்க என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்லங்க."

ரேடியோப் பதிவு ஒலித்தது. தாணுவின் சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. நாச்சியார் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

பட்டாபிராமன் அம்மையாரிடம் திரும்பினார். "கனம் நீதிபதி அவர்களே, எங்கள் மக்களின் பழக்கம் இது. துண்டு போட்டால் இடம் போட்டவருக்கு. கொடியைவிட உறுதி. கொடியைப் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. துண்டை எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தவர் கிடையாது."

அடைக்கலசாமி எழுந்தார். "அம்மா, துண்டுங்கிறது வியர்வை துடைக்கிற துணி. அந்த மனுஷர் வேலை செஞ்சார், துடைச்சார், மறந்துட்டுப் போயிட்டார். இதுல நாடு எங்க இருந்து வந்துச்சு? இப்படி ஒரு பழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை."

சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூடத்தில் ஒருவர் இருமினார்.

தேநீருக்கு இடைவேளை விட்டார்கள். நம்மவர்கள் கூட்டத்தில் நாற்காலியை விட்டு எழுந்தால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முன் வரிசையில் பட்டாபிராமன் தன் அங்கவஸ்திரத்தைப் போட்டுவிட்டு, ஜெயித்த சேதியைக் கீழே சொல்வதற்காக ரேடியோ அறைக்குப் போனார். அடைக்கலசாமியும் தேநீர் குடிக்கப் போனார்.

இடைவேளை முடிகிற மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் அம்மையார் வந்து உட்கார்ந்தார். அடைக்கலசாமி தம்ளரை வைத்துவிட்டு அவசரமாக வந்து, தன் நாற்காலியிலிருந்து எதையோ எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வழக்கறிஞர் அடைக்கலசாமி அவர்களே" என்றது பெட்டி. "தங்கள் ஆசனத்தின் மீது கிடந்த அச்சிறு துணி யாது?"

"கைக்குட்டைங்கம்மா."

"வியர்வை துடைத்துவிட்டு மறந்து வைத்தீர்களோ?"

அடைக்கலசாமி நல்ல மனிதர். பொய்யை ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் சொல்லிப் பழக்கமில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார், "இல்லைங்கம்மா. இடத்துக்கு."

அந்நாட்டின் வழக்கு அத்தோடு முடிந்தது. கூடத்தில் பச்சை அட்டைக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். தாணு மேடையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நாச்சியார் கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்தாள். முன் வரிசையில் காலியாக இருந்தது பட்டாபிராமனின் நாற்காலி மட்டும்தான். அதன் முன்னால் நின்றாள். சேவகர் மணியை அடித்தார். மணி அடித்து ஓய்ந்ததும் அங்கவஸ்திரத்தை எடுத்து, கரை மேலே தெரியும்படி மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பட்டாபிராமன் மூச்சு வாங்க வந்தார்.

"அம்மா, அது என் இடம். துண்டு போட்டிருந்தேனே."

"போட்டிருந்திய. பாத்தேன். அழுக்குப் படாம மடிச்சு வச்சிருக்கேன், இந்தாங்க."

"அப்போ எழுந்திருங்கோ."

"மணி அடிச்சாச்சுல்லா."

"வண்டி கிளம்பிட்டு, சார்வாள்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் குரல் மாதிரியும் இருந்தது.

பட்டாபிராமன் ஒரு கணம் வாயைத் திறந்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஆமா, ஆமா" என்று முணுமுணுத்துக்கொண்டே அங்கவஸ்திரத்தை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஓரமாகப் போய்க் குழாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாம்பலத்தில் நாற்பது வருஷம் பஸ் ஏறிய உடம்பு. அவரைக் கேட்காமலே கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அம்மையார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழக்கறிஞர் பட்டாபிராமன் அவர்களே, துணி தங்களுடையது. முதலில் இட்டவரும் தாங்களே. எதன் பொருட்டு உரிமை கோராமல் நிற்கிறீர்கள்?"

"வண்டி கிளம்பினப்புறம் கேட்கிறது முறையில்லை, கனம் நீதிபதி அவர்களே. உட்கார்ந்திருக்கிறவாளுக்குத்தான்..."

பேச்சை அங்கே நிறுத்தினார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன். அங்கே எல்லாமே மெதுவாகத்தான் இறங்கும்.

அம்மையார் பேனாவை எடுத்தார். "இவ்வழக்கத்தை இம்மன்றத்தில் எடுத்துரைத்தவர் தாங்கள். அதன் ஒரு பாதியை மட்டும் ஏற்கவும் மறு பாதியை விலக்கவும் மன்றத்தால் இயலாது. பேருந்து ஓட்டுநர் யார்?"

நான் எழுந்தேன்.

"துணி இடுபவர் யாருக்காக இடுவார்?"

"அது ஆளைப் பொறுத்தது, அம்மா. ஒத்தையா வாரவன் தனக்குப் போடுவான். பெஞ்சு நீளத்துக்கு விரிச்சு, நாலு மூலையிலும் கல்லைத் தூக்கி வச்சான்னா, பின்னால பிள்ளையும் பையுமா ஆள் வருதுன்னு அர்த்தம்."

"மாடக்கண்ணு என்பார் மீண்டும் வந்தாரா?"

"வரலைங்க" என்றார் பெனாசிர். "ஊர்லயே காலமாயிட்டார்."

"எனில், பின்னால் வந்தவர் எவர்?"

கூடத்தில் அத்தனை பேரும் பையும் பிள்ளையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

தீர்ப்பு மறுநாள் வந்தது. பெட்டி அதை வாசித்த அழகை இங்கே கொண்டுவர என்னால் முடியாது. சுருக்கம் இதுதான். துண்டு செல்லும். அது எந்த நாட்டுக்காகவும் போடப்படவில்லை; பின்னால் வருகிறவர்களுக்காகப் போடப்பட்டது. அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி எப்போதோ கிளம்பிவிட்டது. இரண்டு நாடுகளும் இப்போது வந்து எழுந்திரு என்று கேட்பது முறையில்லை. பெருநிழல், உட்கார்ந்திருப்பவர்களுடையது.

புறப்படும்போது அம்மையார் என் வண்டியில்தான் ஏறினார். பெட்டியை அணைத்துவிட்டுத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். அவர் ஊரிலும் சிறு பேருந்துகள் உண்டாம். பதினான்கு பேர் ஏறும் வண்டியில் இருபத்திரண்டு பேர் ஏறுவார்களாம். சட்டக் கல்லூரிக்கு அதில்தான் போனாராம். தீர்ப்பில் இதை எழுதவில்லை என்றார்.

நாச்சியாரைக் கேட்டேன். "நீ வேணும்னுதானே போய் உக்காந்த?"

"கால் வலிச்சுது அண்ணாச்சி" என்றாள்.

நிலாவில் யாருக்கும் கால் வலிக்காது.

அன்று அவள் தாணுவுடன் சண்டை போட்டாள். நாலு வீடு தள்ளி எனக்குக் கேட்டது. துண்டு என்றால் என்னவென்று ஊருக்கெல்லாம் ரேடியோவில் பாடம் எடுத்தவர் நீங்கள்தானே என்று தொடங்கி, அவன் அப்பா வரைக்கும் போனாள். தாணு குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய மனிதனை நான் பார்த்ததில்லை.

பிறகு நாங்கள் ஒரு நாடு ஆனோம். அது வழக்கைவிட நீண்ட வேலை. புது அட்டைக்கு என்ன நிறம் என்பதற்கு எட்டு மாதம் ஆனது. அந்தத் துண்டையே கொடியாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாச்சியார் ஒத்துக்கொள்ளவில்லை. "அது போட்ட இடத்துல கிடக்கட்டும். எடுத்துட்டா அப்புறம் என்ன ஆதாரம் இருக்கு?" என்றாள். அவளைத்தான் தலைவியாக்கினோம்.

முதல் சபை அதே சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. நாற்காலிகளை எடுத்துவிட்டு நீளப் பெஞ்சுகள் போட்டிருந்தோம். முதல் தீர்மானத்தைத் தாணு கொண்டுவந்தான்.

"இனிமே புதுசா யாரையும் உள்ள விடக் கூடாது. காத்து பத்தாது, தண்ணி பத்தாது, இடம் பத்தாது. உள்ள இருக்கவங்க நல்லா இருக்கணும்."

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். படியில் தொங்கும்போது உள்ளே எவ்வளவு இடம் கிடக்கிறது என்று கத்துகிறவன், ஏறி உட்கார்ந்ததும் நடத்துநரிடம் ரைட் கொடுக்கச் சொல்லுவான். இருபத்தைந்து வருஷம் கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறேன்.

கை தட்டி முடிவதற்குள் கதவு திறந்தது. அடைக்கலசாமி நின்றார். வழக்கு முடிந்தும் கணக்குவழக்கு, விண்கப்பல் தாமதம் என்று ஏதேதோ சொல்லி அவர் கிளம்பாமலே இருந்தார்.

"அம்மா, எனக்கு ஒம்பது வருஷமா முட்டி வலி. இங்க வந்த நாள்ல இருந்து இல்லை. காலையில படி ஏறிப் பாக்குறேன். சும்மா, ஏறி இறங்குறேன். கீழ போனா மறுபடி வந்துரும்."

அவருக்குப் பின்னால் பட்டாபிராமன், சுவரைப் பார்த்தபடி. "நான் இவரோட வரலை. வழியில பார்த்தேன். ஆனா கேட்கிறதுல தப்பில்லையே."

அவருக்கும் பின்னால், குழாயில், கப்பலின் சமையல்காரர், அவர் மனைவி, இன்னும் ஏழெட்டுப் பேர். பையும் பிள்ளையுமாக.

"இடம் இல்லீங்க" என்றான் தாணு. "இப்பத்தான் தீர்மானம் போட்டோம்."

நாச்சியார் அவனைப் பார்த்தாள். "நீங்க எப்ப ஏறினிய?"

"எதுல?"

"இதுல. நான் பிறந்தே இங்கதான். நீங்க குலசேகரத்துல இருந்து வந்து இறங்கினப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. அன்னைக்கு நான் இடமில்லைன்னு சொல்லியிருந்தா?"

தாணு யோசித்தான். "சொன்ன" என்றான். "நிசமாவே சொன்ன. அதுக்கப்புறம் ஒரு வருஷம் உன் பின்னால நடந்தேன்."

கூடம் சிரித்தது. நாச்சியார் சிரிக்கவில்லை. அடைக்கலசாமியைப் பார்த்தாள். அவர் மரியாதையாகக் கைகட்டி நின்றார். ஆனால் அவர் கைக்குட்டை ஏற்கெனவே காற்றில் இருந்தது. கதவைத் திறக்கும்போதே வீசியிருக்க வேண்டும். எல்லோரும் தலையைத் தூக்கி அதைப் பார்த்தோம். அது அவசரமே படாமல், இப்படியும் அப்படியும் ஆடி, எங்கள் பெஞ்சை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அது தொடுவதற்குள் யாராவது அங்கே நகர்ந்து உட்கார்ந்திருந்தால் தாணுவின் தீர்மானம் நிலைத்திருக்கும். முறை அப்படித்தான். போதுமான நேரமும் இருந்தது.

யாரும் நகரவில்லை. கைக்குட்டை பெஞ்சைத் தொட்டது.

"தள்ளி உக்காருங்க" என்றாள் நாச்சியார்.

முதலில் நகர்ந்தவன் தாணு. அவன் தள்ளியதில் அடுத்தவர், அவர் தள்ளியதில் அதற்கு அடுத்தவர் என்று பெஞ்சு முழுவதும் நகர்ந்தது. அடைக்கலசாமி உட்கார்ந்தார். பட்டாபிராமன் உட்கார்ந்தார். சமையல்காரரின் பிள்ளை யார் மடியிலோ உட்கார்ந்தது.

பெஞ்சின் கடைசியில் இருந்தவன் நான். பாதி உடம்பு வெளியே போய்விட்டது. பூமியாக இருந்தால் விழுந்திருப்பேன். எங்கள் ஊரில் விழுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் யாராவது கையைப் பிடித்துவிடுகிறார்கள்.